சாம்பிளின் பின்பக்கம்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் கடைக்காரம்மாவின் நாத்தனார் கைப்பையை 'டப்'பென்று மூடிக்கொண்டு கிளம்பினாளே, அந்தப் பைக்குள் இருந்தது ஒரு பள்ளிக்கூட விண்ணப்பம். பூர்த்தி செய்து கொடுக்க இன்றைக்குத்தான் கடைசி நாள். சாயங்காலம் ஐந்தரைக்கு அலுவலகக் கதவை மூடிவிடுவார்கள்.

கடைக்காரம்மா காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே தோள் இறங்கிவிட்டது. திரைச்சீலைக் கடைக்கு அகலமான ஷட்டர்தான். ஆனால் பன்னிரண்டு வருடமாக அதைத் தூக்குகிறவளுக்கு இன்றைய கனம் ஷட்டரில் இல்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் தன் பதினோரு வயது மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, தானே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். மகளுக்கு வீட்டில் மிளகு என்று பெயர். ஆள் சின்னது, காரம் அதிகம். வகுப்பாசிரியை ஒருநாள் மிளகு எழுதிய 'எங்கள் கடை' கட்டுரையை மூக்கால் பேசிக்கொண்டே வகுப்பு முழுக்கப் படித்துக் காட்டினார். நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். அன்றோடு காரம் போயிற்று. காலையானால் வயிற்றுவலி. வெளியாள் ஏதாவது கேட்டால் தலையாட்டல் மட்டும். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் நிரப்புவாள். சொந்தமாக ஒரு வரி எழுதச் சொன்னால் பேனா கையிலேயே நிற்கும்.

"மதிப்பீடு வரைக்கும் உன் கையில விடறேன். கல்வி அலுவலகத்துலேருந்து வர்றவர் சரின்னா சரி. இல்லைன்னா மறுபேச்சு இல்லாம பள்ளிக்கூடம்" என்று லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் அன்றைக்கே கையை நீட்டினார். துணி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள், கைகொடுத்துவிட்டாள். அந்த வீட்டில் கைகொடுத்துவிட்டால் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட மாதிரி.

கணக்கும் அறிவியலும் போன மாதமே தேறிவிட்டன. மிச்சம் இருப்பது இலக்கணம். இன்று நான்கு மணிக்கு மதிப்பீட்டு அதிகாரி வருகிறார். மூன்று விஷயம் வேண்டுமென்று கடிதத்தில் கேட்டிருந்தார்: எந்த இலக்கணப் பாடத்திட்டம், இதுவரை செய்த பயிற்சிகள், பிள்ளை சொந்தமாக எழுதிய ஒரு பக்கம்.

அதில் முதலாவதே இவளிடம் இல்லை. மூன்றாவதைப் பற்றி நினைக்கவே பயம்.

இல்லாமல் போன கதை இது. இவள் பிறந்த வீட்டில் தொட்டுப் பார்க்காமல் எதையும் வாங்கியது கிடையாது. தாத்தா குடை வாங்கப் போனால் மழை வரும்வரை கடை வாசலில் நின்று, நனையுமா என்று பார்த்துத்தான் வாங்குவார். அந்த ரத்தம். ஒவ்வொரு இலக்கணப் பாடத்திட்டத்துக்கும் முதல் மூன்று பாடம் சாம்பிளாக இலவசம் என்று தெரிந்ததும் அவளுக்கு வாயெல்லாம் பல். ஒன்றை வரவழைத்தாள். மிளகு மூன்று பாடமும் செய்து முடித்தாள். "பரவாயில்ல, ஆனா இன்னொண்ணு பார்ப்போம்." இரண்டாவது வந்தது. அதுவும் பரவாயில்லை. மூன்றாவது, நான்காவது. எட்டு மாதத்தில் பதினோரு சாம்பிள். மிளகு பெயர்ச்சொல்லைப் பதினோரு தடவை முதல் தடவையாகப் படித்துவிட்டாள். நாலாவது பாடம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அந்தக் கடைக்குத் தெரியாது.

சாம்பிள்களை அவள் அழகாகத்தான் வைத்திருந்தாள். துணி சாம்பிளை எப்படி வைப்பாளோ அப்படி. ஒவ்வொன்றையும் சாம்பல்நிற அட்டையில் ஒட்டி, ஓரத்தில் துளை போட்டு, பெரிய இரும்பு வளையத்தில் கோத்து, சுவரில் கொக்கியில் தொங்கவிட்டிருந்தாள். கடை வழக்கப்படி அட்டையின் பின்பக்கம் அச்சடித்த சீட்டு ஒட்டுவார்கள்: கனம், சாயம், சுருக்கம், யாருக்கு ஏற்றது, குறிப்பு. முன்பக்கம் வாங்க வருகிறவருக்கு, பின்பக்கம் விற்கிறவருக்கு. கைப்பழக்கத்தில் இந்தப் பதினொன்றுக்கும் சீட்டு ஒட்டிவிட்டாள். நிரப்பவில்லை. புத்தகத்தை நாம் விற்கவா போகிறோம்?

* * *

மதியம் ஒரு மணிக்கு நாத்தனார் வந்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசைக்காரி. வலியோடு வருகிறவர்களிடம் பேசிப் பேசி, சண்டையைக்கூட மெல்லிய குரலில்தான் போடுவாள். அதனாலேயே அவளோடு சண்டை போடுவது கஷ்டம்.

"அண்ணி, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"எனக்கு எங்கே இறங்குது." முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பின் அறையில் மிளகு கர்ட்டன் வளையங்களை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. நாத்தனார் குரலை இன்னும் ஒரு படி இறக்கினாள். "எந்தப் புத்தகம் வாங்கினீங்க?"

"பார்த்துட்டு இருக்கேன்."

"எட்டு மாசமாவா? நான் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்ததுகூட மூணு மாசம்தான்."

"அதான் தெரியுதே" என்றாள் கடைக்காரம்மா.

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "என் வீட்டுக்காரரை விடுங்க. அவ ஏதாவது எழுதினாளா? ஒரு பக்கம்? அரைப் பக்கம்?"

கடைக்காரம்மா மேசைமேல் கிடந்த அளவு நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தாள். சுருட்டி முடித்து, பிரித்து, மறுபடி சுருட்டினாள்.

"நான் எதிரி இல்ல அண்ணி. அவ வயித்தைப் பிடிச்சுட்டு அழுதப்போ என் மடியிலதான் படுத்திருந்தா. நான் பார்த்திருக்கிறது வேற பள்ளிக்கூடம். வகுப்புக்கு இருபது பேருதான். டீச்சர் அதட்டமாட்டாங்களாம், நானே போய் ரெண்டு நாள் வெளியில நின்னு கேட்டேன்."

"ரெண்டு நாள் நின்னு கேட்டியா?"

"நீங்க மட்டும்தான் சாம்பிள் பார்ப்பீங்களா?"

போன் அடித்தது. கணவர். பின்னால் காற்றுச் சத்தம். ஏதோ கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில், லிஃப்ட் பெட்டியின் தலையில் உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சு, ரெடியா?"

"ரெடிதாங்க."

"நீ 'ரெடிதாங்க'ன்னு இழுத்தா ரெடி இல்லைன்னு அர்த்தம். எந்தப் புத்தகம்னு கேட்டா என்ன சொல்லப் போறே?"

"பதினொண்ணையும் காட்டறேன். ஒப்பிட்டுப் பார்க்கறோம்னு சொல்லிடறேன்."

"லிஃப்ட் மூணாவது மாடி வரைக்கும் வந்து நின்னா, அதை நாங்க ஒப்பிட்டுப் பார்க்குதுன்னு சொல்லமாட்டோம். பழுதுன்னு சொல்லுவோம்" என்றார். பிறகு உடனே, "நான் கோவமா சொல்லல. நாலரைக்குள்ள வந்துடறேன்" என்று வைத்துவிட்டார்.

நாத்தனார் எழுந்தாள். "நாலு மணிக்கு வர்றேன். அவர் சரின்னுட்டா இந்த விண்ணப்பத்தை மடிச்சு ஆடற மேசைக்கு முட்டுக் கொடுத்துக்கறேன், சந்தோஷமா. இல்லைன்னா நீங்க கையெழுத்துப் போடுங்க. நேரா கொண்டுபோய்க் கொடுத்துடறேன்."

அவள் போன பிறகு கடைக்காரம்மா வளையத்தைக் கொக்கியிலிருந்து எடுத்து, பாடங்களின் பட்டியலைப் பதினோரு சாம்பிளிலும் தேடிப் பார்த்தாள். புதிதாகத் தேடவில்லை. எட்டு மாதமாகத் தெரிந்ததைத்தான் மறுபடி தேடினாள். பதினொன்றிலும் நாலாவது பாடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரே தலைப்பு: 'நீயே எழுது.' 'சொந்த வாக்கியங்கள்.' 'உன்னைப் பற்றி ஒரு பத்தி.'

சாம்பிள் எல்லாம் அதற்கு ஒரு பாடம் முன்னால் நின்றுவிடும். புத்தகத்தை வாங்கினால் நிற்காது.

வாங்காததற்குக் காரணம் பிறந்த வீட்டு ரத்தமும் இல்லை, தாத்தாவின் குடையும் இல்லை. தனக்குத் தானே ஒப்புக்கொள்ள ஒரு நிமிடம் ஆயிற்று.

* * *

இரண்டரைக்கு ஒரு மெலிந்த உயரமான மனிதர் உள்ளே வந்தார். தோளில் பை. வந்ததும் வராததுமாக வாசல் பக்கம் தொங்கிய நீலத் துணியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்துப் பார்த்தார். பிடித்து இழுக்கிறவர்கள் பொழுது போகாமல் வந்தவர்கள். தேய்த்துப் பார்க்கிறவர்கள் வாங்குகிற ரகம். கடைக்காரம்மாவின் முகத்தில் தானாக விளக்கு எரிந்தது.

"வாங்க சார். எத்தனை ஜன்னலுக்கு?"

"நான் ஜன்னலுக்கு வரலம்மா."

"கதவுக்கும் இருக்கு சார்."

"கதவுக்கும் இல்ல. கல்வி அலுவலகத்துலேருந்து வர்றேன். முன்னாடி பார்க்க வேண்டிய வீட்ல ஆள் இல்ல, அதான் சீக்கிரம் வந்துட்டேன். பரவாயில்லையா?"

விளக்கு அணைந்தது. "பரவாயில்ல சார்" என்று அவள் வாய் சொன்னது. கால் அதைக் கேட்காமல் நின்ற இடத்திலேயே நின்றது.

பின் அறைதான் பள்ளிக்கூடம். ஆறடி வெட்டும் மேசை, துணிச் சுருள்கள், சுவரில் கொக்கி. மிளகு வளையங்களை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றாள். அவர் "உக்காரும்மா" என்றார். உட்கார்ந்தாள். "பேரு என்ன?" மிளகு அம்மாவைப் பார்த்தாள். "நீ என்ன படிக்கறே இப்போ?" தலையாட்டல். ஆமாமா இல்லையா என்று யாருக்கும் புரியாத தலையாட்டல்.

அவர் வற்புறுத்தவில்லை. கடைக்காரம்மாவின் பக்கம் திரும்பினார். "எந்தப் பாடத்திட்டம்?"

வளையத்தை மேசைமேல் வைத்தாள். பதினோரு அட்டை விழுந்த சத்தம் கனமாகத்தான் இருந்தது. அது ஒன்றுதான் ஆறுதல்.

"எல்லாமே... ஒப்பிட்டுப் பார்க்கறோம் சார்."

அவர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். "இதுல மூணு பாடம். இதுல மூணு. இதுலயும் மூணு." கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நாலாவது எங்கேம்மா?"

ஒரு நாளைக்கு நூறு பேரிடம் பேரம் பேசுகிறவள். வெள்ளைத் துணியை 'இது சந்தன நிறம், வெளிச்சத்துல பார்த்தாத்தான் தெரியும்' என்று விற்றவள். இப்போது அளவு நாடாவை எடுத்துச் சுருட்டினாள்.

"சரி, பயிற்சி எல்லாம் சுத்தமா செஞ்சிருக்கா" என்றார் அவரே. "சொந்தமா எழுதின பக்கம்?"

"சார், அதுல வந்து, பள்ளிக்கூடத்துல ஒரு விஷயம் நடந்துது. அதுலேருந்து..."

அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் கேட்டுக்கொண்டேதான் ஆறாவது அட்டையைப் பிடித்துப் பின்பக்கம் திருப்பினார். நல்ல துணி வாங்குகிறவர் யாரும் உட்புறத்தைப் பார்க்காமல் விடமாட்டார். அந்தப் பழக்கம் அவர் விரலில் இருந்தது.

திருப்பியவர் அப்படியே நின்றார். ஐந்தாவதைத் திருப்பினார். மூன்றாவதை. பிறகு சத்தமாகச் சிரித்துவிட்டார்.

மிளகின் கை மேசைக்கடியில் போய்த் தொங்கிக்கொண்டிருந்த துணியைப் பிடித்துக்கொண்டது. சிரிப்பு. வெளியாள் சிரிப்பு. கடைக்காரம்மா அந்தக் கையைப் பார்த்தாள். அதிகாரி என்ன, யாராக இருந்தாலும் இப்போது வெளியே போகச் சொல்லிவிடலாம் என்றே வாயைத் திறந்தாள்.

அதற்குள் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மிளகிடம் கேட்டார். "இது நீ எழுதினதா? நான் இதை வாய்விட்டுப் படிக்கலாமா?"

மிளகு வேண்டாம் என்று தலையாட்டினாள். இந்தத் தலையாட்டல் தெளிவாகப் புரிந்தது.

"சரி. மனசுக்குள்ளேயே படிச்சுக்கறேன்" என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

என்ன படிக்கிறார்? கடைக்காரம்மா அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றாள். அச்சடித்த சீட்டு. அவள் ஒட்டிய சீட்டு. அவள் நிரப்பாத கட்டங்களில் பென்சிலால் பொடிப்பொடி எழுத்து.

ஒன்றாவது சாம்பிள். கனம்: அதிகம். குறிப்பு: தூக்கம் வருகிறது.

அவ்வளவுதான். இரண்டாவதிலும் இரண்டே சொல். மூன்றாவதிலிருந்து எழுத்து கொஞ்சம் நீண்டது.

மூன்றாவது. சாயம்: ஒரே நிறம். பெயர்ச்சொல்லுக்கு ஆப்பிள், வினைச்சொல்லுக்கு ஆப்பிளைத் தின்றான். யாருக்கு ஏற்றது: ஆப்பிள் வியாபாரிக்கு.

ஐந்தாவது. பளபளப்பு அதிகம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கரடி சிரிக்கிறது. நான் சரியாக எழுதினாலும் சிரிக்கிறது, தப்பாக எழுதினாலும் சிரிக்கிறது. அதற்கு இலக்கணம் தெரியாது என்று நினைக்கிறேன்.

ஆறாவது. சுருக்கம்: உண்டு. முதல் பாடம் பன்னிரண்டு பக்கம், இரண்டாவது ஆறு, மூன்றாவது ஒன்றரை. எழுதியவருக்குச் சலித்துவிட்டது. எனக்கு அவர்மேல் கோபம் இல்லை.

எட்டாவது. இதில் எல்லா வாக்கியத்திலும் அப்பா அலுவலகம் போகிறார், அம்மா சமைக்கிறார். எங்கள் வீட்டில் அம்மா ஷட்டர் தூக்குகிறாள், அப்பா கயிற்றில் தொங்குகிறார். இந்தத் துணி எங்கள் ஜன்னலுக்குச் சேராது.

அவர் மறுபடி சிரித்தார், இந்தத் தடவை மூக்குக்குள். மிளகு மேசைமேல் கையை ஊன்றி எட்டிப் பார்த்தாள்.

"எது?" என்றாள்.

எட்டு மாதத்தில் ஒரு வெளியாளிடம் மிளகு பேசிய முதல் வார்த்தை.

"கரடி" என்றார் அவர், ஒன்றுமே நடக்காத மாதிரி. "திரும்பிப் போய்ப் படிச்சேன்."

"ஆப்பிள் பிடிக்கலையா?"

"ஆப்பிளுக்கு முதல்லயே சிரிச்சுட்டேன்."

மிளகு ஒரு கணம் யோசித்தாள். பிறகு நியாயம்தான் என்பதுபோல உட்கார்ந்தாள். மேசைக்கடியில் பிடித்திருந்த துணியை எப்போது விட்டாள் என்று தெரியவில்லை.

பதினோராவது அட்டைக்கு வந்தபோது அவர் நாலு வரி படித்தார், நிறுத்தினார், வளையத்தைக் கடைக்காரம்மாவின் பக்கம் தள்ளினார். "இது எனக்கில்லம்மா. உங்களுக்கு."

அச்சடித்த சீட்டு போதாமல் அட்டை முழுக்க எழுதியிருந்தது. ஒரு பக்கம். சொந்தமாக எழுதிய ஒரு பக்கம்.

'பதினொன்றும் பார்த்தாயிற்று. அம்மா இன்னும் வாங்கவில்லை. ஐந்து தடவை வந்து பார்த்துவிட்டு வாங்காமல் போகிற ஆளைப் பற்றி அம்மா என்ன சொல்வாள் என்றால், கையில் பணம் இல்லை, இல்லாவிட்டால் வீட்டில் யாரிடமோ பயம். அம்மா கையில் பணம் இருக்கிறது. அதனால் பயம்தான். நாலாவது பாடத்தில் சொந்தமாக எழுதச் சொல்வார்கள், நான் அழுவேன் என்று அம்மாவுக்குப் பயம். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இந்தச் சீட்டு சின்னதாக இருந்ததால் எழுதினேன். இதில் எழுதினால் யாரும் படித்துக் காட்ட மாட்டார்கள், பின்பக்கத்தை விற்கிறவர்தான் பார்ப்பார். தினமும் கொக்கியில் மாட்டி வைப்பேன். அம்மா திருப்பினால் பார்க்கட்டும் என்று இருந்தேன். திருப்பவே இல்லை. இப்போது சீட்டு போதவில்லை.

ஏழாவதை வாங்கலாம். அதில் கேள்விக்குக் கீழே கோடு போடவில்லை. சும்மா இடம் விட்டிருக்கிறார்கள். ஒரு வரியும் எழுதலாம், பக்கமும் எழுதலாம். யாருக்கு ஏற்றது: எனக்கு.'

கடைக்காரம்மா வெட்டும் மேசையிலிருந்து கையில் அகப்பட்ட துண்டுத் துணியை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அது இருப்பதிலேயே உயர்ந்த ரகம் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"பயம்னு எப்படிடி கண்டுபிடிச்சே?"

"நீதான் நாடாவைச் சுருட்டிட்டே இருப்பியே" என்றாள் மிளகு.

* * *

அதிகாரி தன் தாளில் எழுதினார், முத்திரையை ஊதிக் குத்தினார். "பிழை இருக்கும்மா. அது திருத்தத்தான் புத்தகம். ஆனா சாம்பிள் காட்டினது போதும். ஒரு வாரத்துக்குள்ள ஒண்ணை முழுசா வாங்கி, நாலாவது பாடம் செஞ்சு, நகல் அனுப்புங்க. அதோட இது முடிஞ்சுது."

"அவ்வளவுதானா சார்?"

"வேற என்ன, பேரம் பேசணுமா?"

வாசலில் அவர் நீலத் துணியை மறுபடி தேய்த்துப் பார்த்தார். கடைக்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "இன்னைக்கு இதை உங்களுக்கு விக்கமாட்டேன் சார். முத்திரைக்கு விலைன்னு நாலு பேர் பேசுவாங்க."

"அதனாலதான் நானும் விலை கேட்கல" என்று போய்விட்டார்.

நாலு மணிக்கு நாத்தனார் மூச்சிரைக்க வந்தாள். கதை கேட்டாள். நம்பவில்லை. வளையத்தைப் பிடுங்கிப் பின்பக்கமாகவே படித்தாள். எட்டாவதில், அண்ணன் கயிற்றில் தொங்குகிற இடத்தில், மருத்துவமனைக் குரலை மறந்து கடை அதிரச் சிரித்தாள். பதினோராவதில் சத்தம் நின்றது. மிளகை இழுத்துத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டாள்.

"எனக்குக்கூடத் தெரியாம எழுதியிருக்கே."

"அத்தை, நீங்க வாங்கறவங்களா விக்கறவங்களா?"

"ஏன்டி?"

"வாங்கறவங்கன்னா பின்பக்கம் பார்க்கக்கூடாது."

கணவருக்குப் போன் போயிற்று. விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "அப்ப நாலாவது மாடிக்குக் கிளம்பியாச்சு" என்றார். "இனிமே நடுவுல நிறுத்தாதே."

இனி வாங்குவதுதான் பாக்கி. ஏழாவது சாம்பிளின் அடியில் ஒரு தொலைபேசி எண் மட்டும் இருந்தது. கடைக்காரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு எண்ணை அழுத்தினாள். ஒரு பெண் எடுத்தார்.

"உங்க இலக்கணப் புத்தகம் ஒண்ணு வேணும். முழுசா. இன்னைக்கே அனுப்ப முடியுமா?"

அந்தப் பக்கம் ஏதோ கைதவறி விழுந்த சத்தம்.

"ஹலோ?"

"முழுசாவா?" என்றது குரல். "என்னங்க நீங்க... முழுப் புத்தகம் இல்லையே."

"தீர்ந்துபோச்சா?"

"எழுதவே இல்லீங்க. சாம்பிள் மட்டும்தான் எழுதினேன். யாராவது மீதியைக் கேட்டா எழுதலாம்னு இருந்தேன். மூணு வருஷமாச்சு. நிறைய பேர் சாம்பிள் வாங்கினாங்க. மீதி எங்கேன்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

கடைக்காரம்மா போனைக் காதிலிருந்து எடுத்து, அதையே ஒரு தடவை பார்த்தாள். வாழ்நாள் முழுக்கச் சாம்பிள் வாங்கியவளுக்கு, சாம்பிளைத் தவிர வேறெதுவும் இல்லாத ஆள் இன்றைக்குத்தானா கிடைக்கவேண்டும்?

"என்னவாம்?" என்றாள் நாத்தனார்.

"புத்தகமே இல்லையாம். வேற பத்து இருக்கு, அதுல ஒண்ணை..."

"குடும்மா" என்றாள் மிளகு.

கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அளவு எடுக்கப் போகும்போது அம்மா பென்சிலைச் செருகிக்கொள்வதுபோல, காதில் பென்சில். கடைக்காரம்மா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் கொடுக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். போன் கைமாறியது.

"நான் உங்க மூணு பாடமும் முடிச்சுட்டேன்" என்றாள் மிளகு போனில். "நல்லாருக்கு. இடம் விட்டிருக்கிறது நல்லாருக்கு. ரெண்டாவது பாடம் மட்டும் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு, பிடிச்சுத் தைக்கணும். நாலாவது எப்போ கிடைக்கும்? எங்களுக்கு ஒரு வாரம்தான் டைம். வியாழக்கிழமைக்குள்ள வேணும்."

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். மிளகு காதிலிருந்த பென்சிலை எடுத்தாள், எழுத ஒரு தாள் தேடினாள். மேசையில் துணிதான் இருந்தது.

நாத்தனார் கைப்பையைத் திறந்தாள். பள்ளிக்கூட விண்ணப்பத்தை வெளியே எடுத்து, குப்புறத் திருப்பி, மிளகின் முன்னால் வைத்தாள்.

"இதோட பின்பக்கம் காலியாத்தான் இருக்கு. எழுது."

விண்ணப்பம் கொடுக்க இன்னும் நேரம் இருந்தது, கடிகாரத்தில் நாலரைகூட ஆகவில்லை. யாரும் அதைப் பார்க்கவில்லை. மிளகு கேட்டுக் கேட்டு எழுதினாள். ஓரிடத்தில் பென்சில் நின்றது. போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"அம்மா, மூணு வருஷமா அவங்களும் நாலாவது பாடத்துலதான் நிக்கறாங்களாம். ஏன்னு கேட்டேன். போன்ல சொல்லமாட்டாங்களாம். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு இங்கேயே வர்றாங்களாம்."

"வரச் சொல்லு."

"சும்மா இல்லம்மா. நான் சீட்டு எழுதினதைச் சொல்லிட்டேன். அவங்க நாலாவது எழுதணும்னா, நான் அதுக்குப் பின்பக்கச் சீட்டு எழுதணுமாம். ஒளிச்சு இல்ல. அவங்க எதிர்லயே உக்காந்து." கண்ணைச் சுருக்கினாள். தொலைந்துபோன காரம் அந்தக் கண்ணில் அப்படியே இருந்தது. "இவங்க பேரம் பேசறாங்கம்மா."

"நீ என்ன சொல்லப் போறே?"

மிளகு போனைக் காதில் வைத்தாள்.

"பத்து மணி எங்களுக்கு வியாபார நேரம்" என்றாள். "ஒன்பதரைக்கு வாங்க."